அரை மணி நேரம் ஓடி அணைந்துபோகும் டிராக்டர்: பம்பைக் கழற்றும் முன் டேங்க்கைப் பாருங்கள்

2023 குறுவையில் எங்கள் டிராக்டர் பன்னிரண்டு நாள் என்னைப் படுத்தியது. ஓடும், அணையும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகும், திரும்ப அணையும். எஞ்சினைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பணம் கொடுத்தேன். கடைசியில் கண்டுபிடித்த கோளாறுக்கு ஆன செலவு 180 ரூபாய். அதற்கு முன்னால் போனது முப்பதாயிரத்துக்குப் பக்கம். இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாது என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் பாபநாசம் பக்கம். சொந்த நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். 2021-இல் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு பழைய 42 ஹெச்.பி. டிராக்டரையும், அதன் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையும் வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஓட்டுகிறான். எந்த வயலுக்கு எப்போது போவது, எத்தனை மணி நேரம் ஓடியது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று நோட்டுப் போட்டு எழுதுவது நான். அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள், 16-ஆம் தேதி கல்லணை. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏற இன்னும் ஒரு வாரம் ஆனது. தண்ணீர் வந்துவிட்டால் இங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேற்று உழவு வேண்டும். சுமார் நாற்பது மணி நேரத்துக்கு வேலை பேசி வைத்திருந்தேன். மணிக்கு 1,200 ரூபாய்.

ஜூன் 27-ஆம் தேதி காலையில் முதல் வயல். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எஞ்சின் சத்தம் இறங்கியது. ஒரு தடவை ஏறியது, மறுபடி இறங்கியது, மூச்சு இழுப்பதுபோல் இழுத்து இழுத்து அணைந்துவிட்டது. தம்பி செல்ஃப் அடித்துப் பார்த்தான், எடுக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆனது. சரி, ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டோம். முக்கால் மணி நேரத்தில் அதேபோல் மறுபடி. அன்றைக்கு மதியத்துக்குள் நான்கு தடவை.

முதலில் வந்த மெக்கானிக் பார்த்ததும் "ஏர் எடுக்குது" என்றார். டீசல் எஞ்சினுக்கு டீசலோடு காற்றுக் குமிழி போனால், டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் பம்பால் (நான் வெறுமனே பம்பு என்றால் இதுதான்) அழுத்தம் கொடுக்க முடியாது, எஞ்சின் அணைந்துவிடும். இது உண்மைதான், அடிக்கடி நடப்பதும்கூட. அவர் இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றினார். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் சின்ன ஃபீட் பம்பில் இருக்கும் கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது, பிறகு குமிழி இல்லாமல் டீசல் வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்கினார். அடுத்த ஃபில்டர், அப்புறம் பம்பு என்று வரிசையாகச் செய்தார். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். டீசல் தீர்ந்துபோய் நடுவயலில் நின்றால் ஒரு ஸ்பேனரோடு இதை நாமே செய்துகொள்ளலாம், ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம். இணைப்புகளில் இருக்கும் காப்பர் வாஷரை மட்டும் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போட வேண்டும். நசுங்கிய வாஷரையே திரும்பப் போட்டால் அந்த இடமே காற்று இழுக்கும். டீசல் வெளியே சொட்டினால்தான் கசிவு என்றும் நினைக்காதீர்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

செலவு 1,150 ரூபாய். வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டார், நிற்கவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி. மறுநாள் வயலில் இறங்கி 35 நிமிடத்தில் அணைந்தது. வாசலில் சும்மா ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் குடிக்கும். சேற்றில் ரோட்டவேட்டரோடு ஓடினால் எங்கள் வண்டிக்கு ஐந்தரை லிட்டர் வரை ஆகிறது. வழியில் பாதி அடைப்பு இருந்தால் சும்மா ஓடும்போது தெரியாது, பாரம் ஏறும்போதுதான் தெரியும். ஆகவே யார் ரிப்பேர் செய்தாலும் வயலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு கணக்கை முடியுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலை கொடுக்கவே யோசிக்க வேண்டும் என்பது இப்போது என் எண்ணம்.

இரண்டாவது மெக்கானிக் ஃபீட் பம்பு வீக் என்றார். புதுசு போட்டுக் கூலியோடு 2,600 ரூபாய். அன்றைக்கு அரை நாள் நிற்காமல் ஓடியது. வீட்டுக்காரருக்குப் போன் செய்து "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஊர் மாமா ஒருவரின் வயலில் நடுச்சேற்றில் நின்றது. தம்பி பதற்றத்தில் செல்ஃபை விடாமல் அடித்து அடித்து பேட்டரி இறங்கிவிட்டது. செல்ஃப் மோட்டாரிலிருந்து கருகல் வாசனை வந்தது. மழை வேறு கருக்கிக்கொண்டு வந்தது. குறுவைக்கு இருபது, இருபத்திரண்டு நாள் நாற்று நட வேண்டும். அவர் நாற்றங்காலில் அன்றைக்கு இருபத்தேழாவது நாள். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, மகசூல் போய்விடும். அவர் திட்டினார். திட்டியதில் தப்பில்லை. "உங்க வண்டிய நம்பி நாலு நாள் காத்துக் கெடந்தேன், ஆம்பள இல்லாத வீட்ல வண்டி எதுக்கு" என்று சொன்னதுதான் தாங்கவில்லை. இருட்டும் வரை வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். வேறு டிராக்டர் வைத்து இழுத்து மேலே ஏற்ற 1,500, செல்ஃப் மோட்டார் சரிசெய்ய 1,800.

செல்ஃப் விஷயத்தில் இதை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. ஒரு நிமிடமாவது ஆறவிட்டு அடுத்ததை அடிக்க வேண்டும். மூன்று தடவையில் எடுக்கவில்லை என்றால் அதற்கு மேல் அடிப்பதால் பேட்டரிதான் போகும். ரோட்டவேட்டரோடு அணைந்தால், ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ.வையும் கியரையும் விடுவித்த பிறகுதான் கீழே இறங்க வேண்டும். இதில் அவசரப்பட்டுக் காலை இழந்தவர்கள் உண்டு.

மூன்றாவதாகக் கேட்ட இடத்தில் "பம்பு தேஞ்சிருக்கும், கழற்றி பெஞ்சுல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்கள். இதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பம்பு உள்ளே தேய்ந்திருந்தால் சூடான பிறகு டீசல் இளகி, அழுத்தம் வராமல், வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது, ஆறினால் ஆகும். எங்கள் வண்டியின் குணமும் பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. கையில் பணம் இல்லை. இரண்டு வளையலை அடகு வைத்தேன். பம்பைக் கழற்ற, மாட்ட 1,500. சோதனை பெஞ்சில் வைத்துச் சரிபார்த்து, பம்புக்குள் டீசலை அழுத்தும் பாகமான எலிமென்ட்டை மாற்றி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் மூன்றையும் பார்த்ததற்கு 11,800. எடுத்துக்கொண்டு போய்வந்த செலவு 600. நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் எங்கள் சொந்த வயலுக்கே வாடகை டிராக்டர் வைத்து ஏழு மணி நேரம் ஓட்டினேன், 8,400 ரூபாய். சொந்த வண்டி வாசலில் பம்பு இல்லாமல் நிற்க, அடுத்தவர் வண்டிக்கு மணிக் கணக்கு எழுதினேன்.

பம்பை வாங்கப் போனபோது அந்தக் கடைக்காரர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "பழைய எலிமென்ட்ல பெரிய தேய்மானம் இல்லம்மா. ஆனா கழட்டியாச்சு, அதனால மாத்திட்டோம்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாட்டிய மறுநாள், ஜூலை 7, வயலில் நாற்பது நிமிடத்தில் மறுபடி அணைந்தது. அந்த நிமிடம் எனக்கு அழுகைகூட வரவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர். "ஏம்மா, நிக்கிறப்ப எப்படி நிக்குது? பட்டுன்னு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?" என்று கேட்டார். பதினோரு நாளில், மூன்று மெக்கானிக்கில், இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. இழுத்து இழுத்துத்தான் என்றேன். "புகை கருப்பா வருதா?" இல்லை. "கொஞ்ச நேரம் விட்டா, கைப்பம்பு அடிக்காமலே ஸ்டார்ட் ஆகுதா?" ஆமாம், ஒவ்வொரு தடவையும். "அப்ப அது ஏரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏர் புகுந்தா தானா வெளிய போகாது, எடுத்துத்தான் விடணும். டீசல் வர்ற வழியில ஏதோ வந்து ஒக்காந்துட்டு, நின்னதும் எந்திரிச்சுப் போவுது" என்றார்.

அவர் சொன்னதை வைத்தும், பிறகு நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்தும் இப்போது நான் இப்படிப் பார்க்கிறேன். சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று அணைந்தால் கரண்டு சம்பந்தப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். சாவியால் அணைக்கும் வண்டிகளில் பம்பில் கரண்டால் டீசலைத் திறந்து மூடும் ஒரு சாலினாய்டு இருக்கும், அதற்குப் போகும் ஒயர் ஆடினாலே டீசல் நின்றுவிடும். ஸ்டாப் கேபிள் இழுத்து அணைக்கும் பழைய வண்டி என்றால், கேபிள் முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இழுத்து இழுத்து, புகை இல்லாமல் அணைந்தால் டீசல் போதவில்லை. கருப்புப் புகை கக்கி, பலம் குறைந்து அணைந்தால் காற்று போதவில்லை, ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். சூடு முள் சிவப்புக்குப் போய், இறுகியதுபோல் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தொடாமல் ஆள் கூப்பிடுங்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். என் மணிக் கணக்கு நோட்டில் இதெல்லாம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதில் பதில் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

ஜூலை 8-ஆம் தேதி காலையில் தம்பியும் நானும் மட்டும் வயலுக்குப் போனோம். மெக்கானிக் யாரையும் கூப்பிடவில்லை. முதலில், நின்ற உடனே டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லியிருந்தார் பெரியப்பா. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்திருந்தால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசலை வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். திறந்ததும் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான் கோளாறு. எங்களுக்கு அந்தச் சத்தம் வரவில்லை. அடுத்து, ஃபீட் பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டோம். டேங்க்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது, ஆனால் நூல்போல் ஒழுகியது. தம்பி டேங்க்கைக் கையால் நாலு தட்டுத் தட்டினான். குபுக்கென்று விரல் தடிமனுக்குக் கொட்ட ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினோரு நாள் தேடியது கண் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது.

அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம் என்று பெரியப்பா சொன்ன அடுத்த சோதனையையும் செய்தோம். ஐந்து லிட்டர் கேனைக் கழுவித் துடைத்து, சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில், சைலென்சருக்கு எதிர்ப்பக்கம், ஓட்டுநர் முன்னால் இருக்கும் கம்பியில் இறுகக் கட்டினோம். அதிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேரே ஃபீட் பம்பில் மாட்டினோம். திரும்பி வரும் ஹோஸ் பழையபடி டேங்க்குக்கே போகட்டும் என்று விட்டுவிட்டோம். குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு வயலில் இறக்கினோம். கேன் தீரத் தீர ஊற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டினான், ஒரு தடவைகூட மூச்சு இறங்கவில்லை. என்னைக் கேட்டால், நின்று நின்று ஓடும் எந்த டீசல் வண்டிக்கும் முதல் சோதனை இதுதான். கேனில் ஓடினால் கோளாறு டேங்க்கிலோ அதன் ஹோஸிலோ மூடியிலோ இருக்கிறது, அதைத் தாண்டி ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம். கேனிலும் நின்றால் அதன் பிறகு ஃபில்டர், ஃபீட் பம்பு, கடைசியாகத்தான் பம்பு. நாங்கள் தலைகீழாகப் போய்க் கொட்டிக்கொடுத்தோம். செய்யும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பில் கசிகிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்க்கச் சின்னக் காயமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

அன்று மதியம் டேங்க்கை முழுக்கக் காலி செய்து கழற்றினோம். கவிழ்த்துக் குலுக்கியதும் உள்ளங்கை அளவில் ஒரு பாலித்தீன் துண்டு வந்து விழுந்தது. வெள்ளைக் கவர். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பங்க்கிலிருந்து கேனில் டீசல் வாங்கி வரும்போது, ஆட்டத்தில் சிந்தாமல் இருக்க, கேன் வாயில் ஒரு பாலித்தீன் கவரை வைத்து அதன் மேல் மூடியைத் திருகுவோம். நானேதான் அப்படிச் செய்வேன். திருகுகிற இடத்தில் அது கிழிந்து, ஊற்றும்போது டீசலோடு போயிருக்கிறது. டேங்க் வாயில் இருக்க வேண்டிய சல்லடையைப் பழைய ஓனர் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார், சீக்கிரம் ஊற்றுவதற்காக இருக்கலாம். அந்தத் துண்டை வாளியில் இருந்த டீசலில் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் மிதக்கும் பாலித்தீன், டீசலில் மெதுவாக அடியில் போய்ப் படிந்தது. எஞ்சின் இழுக்கும்போது அது நகர்ந்து வந்து துளை மேல் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்று இழுப்பு போனதும் பிரிந்து வேறு பக்கம் போய்விடும். முதல் மெக்கானிக் டேங்க்கிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்த்தபோது நன்றாக வந்ததும், ஃபீட் பம்பு மாற்றிய அன்று அரை நாள் ஓடியதும் இதனால்தான் இருக்க வேண்டும்.

டேங்க்கை டீசலாலேயே இரண்டு முறை அலசி மாட்டினோம். அடியில் கொஞ்சம் தண்ணீரும் துரும்பும்கூட இருந்தன. தண்ணீருக்கு ஒரு எளிய வழி உண்டு: ஃபில்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள், தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். வேலை முடிந்து சாயங்காலமே டேங்க்கை நிரப்பி வைத்தால், ராத்திரிக் குளிரில் காலி இடத்துக் காற்று நீர்கோத்து டீசலில் இறங்குவது குறையும். புது ஹோஸ், கிளிப்புகளுக்கு 180 ரூபாய். டேங்க் வாய்ச் சல்லடையைப் பிறகு தஞ்சாவூரில் தேடி வாங்கிப் போட்டேன். இப்போது கேனுக்கு ரப்பர் வாஷர் உள்ள மூடி, புனலில் மெல்லிய துணி. கவர் பக்கமே போவதில்லை.

கணக்குப் பார்த்தால் கையிலிருந்து போனது 29,350 ரூபாய். ஓட்ட முடியாமல் போன நாற்பது மணி நேரத்தில் டீசலும் தம்பி கூலியும் போக 23,000 ரூபாயாவது நின்றிருக்கும். வளையலை மீட்க அடுத்த பொங்கல் வரை ஆனது. மெக்கானிக்குகள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். முதல் இருவரும் அவரவருக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்கள். ஆனால் பம்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு கேனைக் கட்டிப் பார்த்திருக்கலாம், அது யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னால், "என்ன சோதனை பண்ணி இந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று கேளுங்கள். பெண்கள் கட்டாயம் கேளுங்கள். மெக்கானிக்குகள் எதையும் என்னைப் பார்த்துச் சொல்லாமல் தம்பியைப் பார்த்தே சொன்னார்கள், ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டும். கழற்றும் முன் பம்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், திரும்ப மாட்டும்போது டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம், மாறாது. மாற்றிய பழைய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போன சம்பாவில், என்னைத் திட்டிய அதே மாமா தன் மருமகனின் வண்டி அரை மணிக்கு ஒரு தடவை நிற்கிறது என்று வந்து நின்றார். இழுத்து இழுத்தா, பட்டென்றா என்று கேட்டேன். இழுத்து இழுத்துத்தான் என்றார். மறுபடி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்கச் சொன்னேன். சாயங்காலம் போன் வந்தது. மூடித் துளையில் சேறு காய்ந்து அடைத்திருந்ததாம், ஊசியால் குத்திவிட்டதும் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.